கடைமடையில் ஒரு நாடு

ஆற்றுப் பாசன ஊரில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் குளித்து, துணி துவைத்து, மாடு கழுவி, வயலுக்கும் பாய்ச்சிவிட்டு மிச்சம் விட்டதுதான் கடைமடைக்கு. எவ்வளவு வரும் என்பது மட்டுமல்ல, எதைக் கலந்துகொண்டு வரும் என்பதும் கடைமடைக்காரர் கையில் இல்லை. ஐரோப்பாவில் ஒரு முழு நாடே இப்படிக் கடைமடையில் கிடக்கிறது. நெதர்லாந்து.

அதன் தலைமடை ரைன் நதி. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, பாசல் நகரில் வடக்கே திரும்பி, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லைக்கோடாகக் கொஞ்ச தூரம் ஓடி, ஜெர்மனியின் ரசாயன ஆலைகளையும் எஃகு நகரங்களையும் தாண்டி, நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் கிளை கிளையாகப் பிரிந்து வடகடலில் சேர்கிறது. அதன் வடிநிலத்தில் ஒன்பது நாடுகள், ஏறத்தாழ 6 கோடி மக்கள். சுமார் 3 கோடிப் பேருக்கு அதுதான் குடிநீர். 1970-களில் அதற்கு இருந்த பட்டப்பெயர் ‘ஐரோப்பாவின் சாக்கடை’.

1950 ஜூலையில் பாசல் நகரில் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், லக்ஸம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூடி ரைன் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேச ஆணையம் அமைத்தன. கூட்டச் சொன்னது, வேறு யார், கடைமடைக்காரர்தான். தேதியைக் கவனியுங்கள். உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டு. ரோட்டர்டாம் நகரின் நடுப்பகுதியை ஜெர்மன் விமானங்கள் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கியது 1940-ல். அந்த ஊர்க்காரர்களும் ஜெர்மானியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பேச உட்கார்ந்ததும் முதலில் செய்த வேலை, கேட்பதற்கு அலுப்பூட்டக்கூடியது. எந்தப் பொருளை, எந்த இடத்தில், எந்த முறையில் அளப்பது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய விதத்தில் நீரைச் சோதித்துவந்தது. மேலே எடுத்த எண்ணும் கீழே எடுத்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சண்டையைக்கூட ஒழுங்காகப் போட முடியாது. ‘என் எல்லையைத் தாண்டும்போது சுத்தமாகத்தான் இருந்தது’ என்று எவரும் சொல்லிவிடலாம். அளப்பதை அவ்வளவு எளிதாக நினைத்துவிடக் கூடாது. ரைன் நதியின் நீளம் 1,320 கிலோமீட்டர் என்றுதான் கலைக்களஞ்சியங்களும் பாடப்புத்தகங்களும் பல பத்தாண்டுகள் அச்சிட்டுவந்தன. உண்மையில் ஏறத்தாழ 1,230. எப்போதோ யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட, மற்றவர்கள் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் உயிரியலாளர் ஒருவர் 2010-ல் சுட்டிக்காட்டும் வரை யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆற்றின் நீளமே இந்த லட்சணம் என்றால், அதில் கரைந்த பாதரசத்தின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஆணையம் அளந்துகொண்டே இருந்தது. ஆறு நாறிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையே கடைமடையை உண்மையிலேயே வாட்டியது ஒரு சாதாரணப் பொருள். உப்பு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. அங்கே வெட்டியெடுத்த கனிமத்தில் பொட்டாசியம் குளோரைடும் நாம் சோற்றில் போடும் அதே சோடியம் குளோரைடும் கலந்திருந்தன. முன்னது உரமாக விலைபோனது. பின்னதை ரைனில் கரைத்துவிட்டார்கள்.

ஆற்றில் சேரும் மற்ற பல கழிவுகளுக்கும் உப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீட்டுக் கழிவுநீரை ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும் என்பது ஒரு கேடுதான் என்றாலும், நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஆறு ஓரளவு தேறியிருக்கும். குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அது மக்காது, ஆவியாகாது, அடியிலும் படியாது. அல்சாஸில் போட்ட கிலோ ரோட்டர்டாமில் கிலோவாகவே வந்து சேரும். கடைமடைக்குத் தள்ளுபடி கிடையாது.

நெதர்லாந்தின் மேற்கில் கண்ணாடிக் குடில்களில் தக்காளி, வெள்ளரி, பூச்செடிகள் வளர்க்கிறார்கள். செடியின் வேர் தண்ணீரை இழுப்பது ஒரு சின்ன வித்தியாசத்தை நம்பித்தான். வேர்ச்செல்லுக்குள் இருக்கும் சாறு மண்நீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து உள்ளே நீர் நகரும். மண்நீரில் உப்பு ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கும். காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் வாடும். உள்ளே போன குளோரைடு நீரோட்டத்தின் கடைசி முனையான இலை விளிம்பில் சேர்ந்து, விளிம்பு நெருப்புப் பட்டதுபோல் கருகும். உவர்நிலத்துக் கத்தரியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருகல் தெரிந்திருக்கும். போதாததற்கு, அந்த நாட்டில் ஏறத்தாழ கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. கடலுப்பு நிலத்தடியில் ஊறி உள்ளே வருவதைத் தள்ளி வெளியேற்ற அவர்களிடம் இருந்த ஆயுதமே ரைனின் நன்னீர்தான். அந்த நீரே உப்பாக வந்தால்?

ரோட்டர்டாம் பக்கத்து நாற்றங்கால் நிறுவனம் ஒன்று சுரங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்பதே முதல் தகராறு. உப்பைக் கொட்டியது பிரான்சில்; செடி கருகியது நெதர்லாந்தில். 1976 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கேடு தொடங்கிய இடத்திலோ, கேடு விளைந்த இடத்திலோ, பாதிக்கப்பட்டவர் தமக்கு விருப்பமான இடத்தில் வழக்காடலாம். கடைமடைக்காரர் தன் ஊர் நீதிமன்றத்திலேயே தலைமடைக்காரரை நிறுத்தலாம் என்று அர்த்தம். எல்லை தாண்டும் மாசு பற்றிய எந்தச் சட்டப் பாடத்திலும் இன்றுவரை இந்த வழக்கு வந்துவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் நாடுகளுக்கிடையே குளோரைடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இலக்கு, விநாடிக்கு 60 கிலோ குளோரைடைக் குறைப்பது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல். பத்து டன் லாரியில் ஏற்றினால் ஐந்நூறு லோடு. குறைப்பதாக ஒப்புக்கொண்டதே இவ்வளவு.

இனிமேல்தான் வேடிக்கை. செலவைப் பங்கு போட்ட விதம் இது: பிரான்ஸ் 30 சதவீதம், ஜெர்மனி 30, சுவிட்சர்லாந்து 6, நெதர்லாந்து 34. உப்பைக் கொட்டியவரைவிட, உப்பைக் குடித்தவர் அதிகம் கொடுத்தார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு ஏட்டில் எழுதி நான்கே ஆண்டு ஆகியிருந்தது. முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் கடைமடை விவசாயிகளை நினைத்துக்கொண்டேன். வாய்க்காலைத் தூர்வார மேல்பங்குக்காரர் வராவிட்டால், நியாயம் பேசிக்கொண்டு நிற்காமல் மண்வெட்டியோடு முதலில் போய் நிற்பது அவர்கள்தான். நஷ்டம் அதிகமுள்ளவர் முந்திக்கொள்கிறார். நியாயமில்லைதான், ஆனால் தண்ணீர் வரும்.

இங்கே உடனே வரவும் இல்லை. உப்புநீரை நிலத்தடியில் ஆழமாகச் செலுத்திவிடலாம் என்பது திட்டம். எங்கள் கிணற்று நீர் கெட்டுவிடும் என்று அல்சாஸ் மக்கள் கிளம்பினார்கள். 1979-ல் பிரெஞ்சு அரசு ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள, நெதர்லாந்து பாரிஸிலிருந்த தன் தூதரைத் திருப்பி அழைத்தது. நெருங்கிய நட்பு நாடுகள் இரண்டு, உப்புக்காகத் தூதரை அழைக்கும் அளவுக்கு முறைத்துக்கொண்டன. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1985-ல். உப்பை நிலத்துக்கு அடியில் செலுத்தாமல் மேலேயே குவித்து வைத்தார்கள். பிற்பாடு, நெதர்லாந்து எல்லையில் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும்போது மட்டும் சேமித்துவைத்து, ஆற்றில் வெள்ளம் இருக்கும்போது விடுவது என்று முறை வகுத்தார்கள். கடைசியில் 2002-ல் சுரங்கம் மூடப்பட்டது. கனிமம் தீர்ந்துபோனதுதான் காரணம். அதற்குப் பிறகும் கொடுத்த பணத்தின் வரவு செலவுக் கணக்கில் தகராறு வந்து, 2004-ல் நடுவர் மன்றம் தீர்த்துவைத்தது. அண்டை நாட்டு ஒத்துழைப்பு என்றதும் கைகுலுக்கும் புகைப்படம் நினைவுக்கு வருகிறவர்களுக்காக இவ்வளவையும் சொன்னேன்.

ரைன் நதியின் கதை வேகம் பிடித்தது ஒரே இரவில். 1986 நவம்பர் 1, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம். பாசலுக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலே என்ற இடத்தில் சாண்டோஸ் ரசாயன நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே சுமார் 1,350 டன் ரசாயனம், பெரும்பகுதி பூச்சிமருந்து. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பீய்ச்சிய தண்ணீர் எங்கே போகும் என்று கிடங்கைக் கட்டியவர்கள் யோசித்திருக்கவில்லை. தேக்கிவைக்கத் தொட்டி இல்லை. மருந்தைக் கரைத்துக்கொண்டு நேராக ரைனுக்குப் போயிற்று. விடியுமுன் சைரன் ஒலித்தது. அழுகிய முட்டை நாற்றத்துக்கு நடுவே மக்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஆறு சிவப்பாக ஓடியது. கிடங்கில் இருந்த சாயம். சாயம் பெரிய கேடில்லை. கண்ணுக்குத் தெரியாதவைதான் கொன்றன. கீழ்நோக்கிச் சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்குகள் செத்து மிதந்தன. ஒன்றரை லட்சம் என்பது அப்போதைய மதிப்பீடு. விலாங்கு அடிமண்ணோடு வாழும் மீன், எளிதில் சாகாத சாதி. அதுவே செத்துவிட்டது.

நச்சுநீர் ஆற்றின் வேகத்தில் நகர்ந்து ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாளில் நெதர்லாந்து எல்லையைத் தொட்டது. கரையோர நகரங்கள் குடிநீர் எடுப்பதை நிறுத்தின. கீழ்நாடுகளின் கோபம் தீயைப் பற்றி மட்டுமல்ல, தகவல் தாமதமாக வந்ததைப் பற்றியும்தான். அமைச்சர்கள் அந்த மாதமே சூரிச்சில் கூடினார்கள், டிசம்பரில் ரோட்டர்டாமில், அடுத்த அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்கில் ரைன் செயல்திட்டம் ஏற்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அளந்து வைத்திருந்த எண்கள் அப்போது கைகொடுத்தன. எந்தப் பொருள் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்ற பட்டியல் தயாராக இருந்ததால், முக்கியமான நச்சுப் பொருள்களை 1985-ன் அளவிலிருந்து 1995-க்குள் பாதியாகக் குறைப்பது என்று உடனே எழுத முடிந்தது. பெரும்பாலானவற்றில் இலக்கைத் தாண்டியே குறைத்தார்கள். தவறியது நைட்ரஜனில். ஆலைக்குக் குழாய் உண்டு, போய் அடைக்கலாம். வயலில் போட்ட உரம் ஆயிரம் இடத்தில் கசிகிறது.

ஆணையத்தின் முடிவுகளுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தோமா, செய்யவில்லையா என்று ஒவ்வொரு நாடும் மற்றவர்கள் முன்னால் எண்ணோடு அறிக்கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அண்டை வீட்டார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அபராதத்தைவிட வேலை வாங்கும்போலும்.

தீக்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கண்காணிப்பு நிலையம். பாசலைத் தாண்டியதும் ஜெர்மன் கரையில் வைல் அம் ரைன் என்ற ஊரில் இருக்கிறது. நிலம் ஜெர்மனியுடையது, நடத்துவது சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலமும் சேர்ந்து. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் குழாய் போட்டுத் தனித்தனியாக நீர் எடுக்கிறார்கள். ஒரே ஆறுதானே, ஒரு வாளி போதாதா என்று கேட்கலாம். ஆறு கீழ்நோக்கி ஓடும் வேகத்தில் பக்கவாட்டில் கலப்பதில்லை. இடக்கரையில் விட்ட கழிவு பல கிலோமீட்டர் இடக்கரையை ஒட்டியே போகும். வலக்கரையில் வாளி போட்டவர் ஆறு சுத்தம் என்று சத்தியம் செய்வார், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

கருவிகள் அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்த பொருள்களைத்தான் கண்டுபிடிக்கும். பெயரே தெரியாத ஒரு நஞ்சு வந்தால்? அதற்காக ரைன் கரை நிலையங்கள் சிலவற்றில் உயிருள்ள காவலர்களை வைத்தார்கள். டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு. எள்ளளவுதான் இருக்கும், உடம்பு கண்ணாடிபோல, உற்றுப் பார்த்தால் இதயம் துடிப்பதே தெரியும். சின்னக் கண்ணாடி அறையில் அவற்றை விட்டு ஆற்றுநீரைப் பாய்ச்சுவார்கள். குறுக்கே அகச்சிவப்புக் கதிர்கள். தெள்ளு துள்ளும்போதெல்லாம் கதிர் அறுபடும். நிமிடத்துக்கு எத்தனை அறுபடல் என்று கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். நஞ்சு வந்தால் முதலில் தாறுமாறாகத் துள்ளும், பிறகு அடங்கும். எண் சட்டென்று மாறினால் மணி அடிக்கும். டாஃப்னியாவை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு அழகான காரணம் உண்டு. ஆண் துணையில்லாமலே பெண் தன்னை அச்சடித்ததுபோல் மகள்களைப் பெற்றுக்கொண்டு போகும். எல்லாம் ஒரே மரபணு. ஆளுக்கொரு குணம் காட்டாது. நெதர்லாந்துக்காரர்கள் சிப்பியையும் வேலைக்கு வைத்தார்கள். ஓட்டில் உணர்வி ஒட்டப்பட்ட சிப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடினால் தண்ணீரில் ஏதோ சரியில்லை.

மணி அடித்ததும் கணினியில் ஆற்றோட்டத்தின் கணக்கு மாதிரி ஒன்று ஓடும். இவ்வளவு நஞ்சு, இந்த இடத்தில், இந்த நீரோட்டத்தில் விழுந்தது என்று கொடுத்தால், எந்த ஊருக்கு எந்த மணிக்கு எவ்வளவு அடர்த்தியில் வந்து சேரும் என்று சொல்லிவிடும். கீழே குடிநீர் எடுப்பவர் அந்த நேரத்துக்கு மட்டும் குழாயை மூடிக்கொள்ளலாம். கடைமடைக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது, தெரியவில்லை.

செயல்திட்டத்துக்கு மக்கள் வாயில் ‘சால்மன் 2000’ என்று பெயர். 2000-க்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் சால்மன் பிடிபட்ட ஆறு அது. 1885-லேயே சால்மன் பிடிப்பதை முறைப்படுத்த ஜெர்மனியும் நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 1950-களில் மீன் அற்றுப்போயிற்று. மீனை இலக்காக வைத்தவர்களின் மூளை சாமானியமானதல்ல. காட்மியம் இத்தனை மைக்ரோகிராம் என்றால் யார் கண்ணிலும் நீர் வராது. சால்மன் திரும்ப வேண்டுமென்றால் நீர் சுத்தமாக வேண்டும், துணையாறுகளில் முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும், கடலிலிருந்து மலையடிவாரம் வரை வழி திறந்திருக்க வேண்டும். ஒரு மீனுக்குள் எல்லா நாட்டு வேலையும் அடங்கிவிடும்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஓடையின் வாசனையை மோப்பம் பிடித்துத் திரும்பும். ரைன் வாசனை தெரிந்த சால்மன் ஒன்றுகூட மிச்சமில்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஸ்காண்டிநேவிய ஆறுகளிலிருந்து முட்டை கொண்டுவந்து, குஞ்சுகளை ரைனின் துணையாறுகளில் விட்டு, அந்த வாசனையைப் பழக்கினார்கள். 1990-ல் ஜீக் என்ற துணையாற்றில் முதல் மீன் திரும்பியது.

அதற்குமேல் ஏற அணைகள் குறுக்கே நின்றன. மேல்ரைனில் பிரான்சின் எல்லையோரம் நீர்மின் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன; அந்த நீரின் மின்னுரிமையை முதல் உலகப் போரின் முடிவில் வெர்சாய் உடன்படிக்கை பிரான்சுக்குக் கொடுத்தது. அணைக்கு அணை மீன் ஏணி கட்ட வேண்டும். படிப்படியாக உயரும் தொட்டிகள், ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம்கூட இராது. கட்டுவதைவிட அதன் வாசலை மீனுக்குக் காட்டுவது கடினம். மீன் பெரிய நீரோட்டத்தைத்தான் தேடிப்போகும். அது விசையாழியின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கும். எனவே வாசலில் தனியாக நீரைப் பீய்ச்சி அழைக்க வேண்டும். இஃபெட்ஸ்ஹைமில் 2000, காம்ப்ஸ்ஹைமில் 2006, ஸ்ட்ராஸ்பர்கில் 2016, கெர்ஸ்ட்ஹைமில் 2019 என்று ஏணிகள் வந்தன. ஓரிரு மீன் எப்படியோ பாசலை எட்டியிருக்கிறது. வழி முழுதும் திறக்க 2020 வரை தவணை சொன்னார்கள், முடியவில்லை. அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கூடி ‘ரைன் 2040’ என்று புதுத் திட்டம் எழுதினார்கள். இன்றும் குஞ்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். சால்மன் தன் காலில், அதாவது தன் வாலில், நிற்கவில்லை.

தலைமடையில் ஒரு மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். 2016 முதல் சுவிட்சர்லாந்தில் தலைக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வரை கழிவுநீர் வரி வாங்குகிறார்கள். மருந்து, மாத்திரை எச்சங்களை ஓசோனாலும் கரித்தூளாலும் நீக்கும் வசதியை முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்க அந்தப் பணம். பலனில் பெரும்பங்கு கீழே குடிக்கிறவர்களுக்கு. கட்டுவது மேலே இருப்பவர்.

கடைமடைக்காரரின் கணக்கும் ஒன்று பாக்கி இருந்தது. 1953-ல் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டிய தடுப்புகளில் ஒன்று ஹாரிங்ஃப்ளீட் அணை, பதினேழு மதகுகள், 1970-ல் வாய் அடைத்தார்கள். ரைனும் மாஸ் ஆறும் கடலில் கலக்கும் பெரிய வாசல் அது. மேலே எல்லோரையும் மீனுக்கு வழி விடச் சொன்ன நாடு, தன் வாசலைத் தானே பூட்டி வைத்திருந்தது. கடல் ஏறும்போதும் மதகைக் கொஞ்சம் திறந்துவைத்தால் மீன் உள்ளே வரும். உப்புநீரும் கூடவே வரும். அணைக்குப் பின்னால் தேங்கிய நன்னீரை நம்பிப் பயிர் வைத்திருக்கும் தீவுகளின் விவசாயிகள் ஒப்புவார்களா? திறப்பதா வேண்டாமா என்ற வாக்குவாதம் பல ஆண்டுகள் ஓடியது, மேல்நாடுகள் முணுமுணுத்தன. கடைசியில் விவசாயத்துக்கும் குடிநீருக்கும் நீர் எடுக்கும் வாய்களைக் கிழக்கே தள்ளிக் கட்டிக்கொடுத்து, 2018 நவம்பரில் மதகைச் சற்றே திறந்தார்கள்.

ரைனில் போதிய தண்ணீர் வரும்போது மட்டும்தான் அந்தத் திறப்பு. நீர்நிலையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு வகுத்திருக்கிறார்கள். கடலுப்பு அதைத் தாண்டிக் கிழக்கே போகக் கூடாது. நீருக்கடியில் உணர்விகள் குளோரைடை அளந்தபடி இருக்கின்றன. ஆல்ப்ஸில் பனி குறைந்து ஆறு மெலியும் வறண்ட கோடையில் மதகு இறங்கிவிடும். அப்போது வந்து சேரும் சால்மன், ரோட்டர்டாம் துறைமுகத்தின் கப்பல்களுக்கு நடுவே புகுந்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும்.